சைட் மேனேஜ்மென்ட் ஆப்: யூனிட் கணக்கு தெரியாமல் என்ன கட்டுமானம்?

சைட்டில் எடுக்கும் போட்டோவையும் வரும் சரக்கையும் பதிந்து வைக்க போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். என்னைப் போலவே வீடு கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற அந்த ஆப்பை நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். என் வருட சந்தாவும் இந்த மாதம்தான் முடிகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டோ பகுதி அருமை. எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி பைப் பதித்ததும், பூச்சுக்கு முன்னால், தரையிலிருந்து டேப்பைப் பிடித்து ஒவ்வொரு ரூமாகப் படம் எடுத்து ஏற்றிவிடுவேன். சாவி கொடுத்துப் பல மாதம் கழித்து ஒரு ஓனர், ஏசி மாட்டுபவர் டிரில்லோடு நிற்கும்போது, "சார், இந்தச் சுவத்துல பைப் எங்க போகுது?" என்று போன் செய்தார். பெட்ரூம், கிழக்குச் சுவர் என்று தட்டினேன், தேதியோடு படம் வந்தது, அப்படியே அனுப்பிவிட்டேன். ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்னால் கம்பி இடைவெளி, கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க அடியில் வைக்கும் சிறு கட்டை) எல்லாவற்றையும் இப்படித்தான் எடுத்து வைக்கிறேன், கான்கிரீட் போட்டபிறகு யார் கேட்டாலும் காட்ட வேறு என்ன இருக்கிறது?

ஆனால் சரக்கு வரவு இருக்கிறதே, அங்கேதான் எரிச்சல். நம் ஊரில் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் யூனிட்டில்தான் வருகிறது, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இந்த ஆப்புக்கோ கன மீட்டரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. காலையில் டிப்பர் வந்து கொட்டுகிறது, மேஸ்திரி 3 என்று பதிகிறார், அவரைக் குறை சொல்லவே முடியாது, பில்லிலும் 3 யூனிட் என்றுதானே இருக்கிறது. அது சுமார் 8.5 கன மீட்டர். ஆப் 3 கன மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் மணல் இருப்பை மைனஸில் காட்டுகிறது. ஒவ்வொரு லோடையும் 2.83-ஆல் பெருக்கிப் போடு என்று சைட்டில் யாரிடம் சொல்வது, சொன்னாலும் அந்த அவசரத்தில் யார் செய்வார்கள்? கம்பெனிக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், அடுத்த அப்டேட்டில் வரும் என்கிறார்கள், அப்டேட் வந்தால் கலர் மட்டும்தான் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் காசு வாங்கி விற்பவர்கள் ஒரே ஒரு யூனிட் ஆப்ஷன் வைக்கக் கூடாதா?

மொட்டை மாடி வெயிலில் போன் சூடாகி ஸ்கிரீன் மங்குவது வேறு விஷயம், அது போனோடு போகட்டும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். போட்டோவுக்கு ரூம் வாரியாக போனிலேயே ஆல்பம் போட்டுக்கொள்ளுங்கள், சரக்குக்கு மேஸ்திரியின் நோட்டு போதும். நானும் இந்த முறை சந்தா கட்டப்போவதில்லை, பழைய படங்களை எல்லாம் இறக்கி வைக்க ஆரம்பித்துவிட்டேன்.