ஜிஏடி-7 பதற்றப் படிவம்: ஏழு கேள்வி சரி, தேதி எங்கே?

விலை கிடையாது. ஒரு பக்கம், ஏழு வரி, நிதானமாக நிரப்பினாலும் மூன்று நிமிடம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் குழு 2006இல் வெளியிட்ட இந்த ஜிஏடி-7 (ஜிஏடி என்றால் பொதுவான பதற்றக் கோளாறு) படிவம் தமிழிலும் கிடைக்கிறது. ஆட்குறைப்புக் கடிதம் வாங்கியவர், மகனைத் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) அனுப்பிவிட்டுத் தூக்கம் தொலைத்த அம்மா, கல்யாணமாகி ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து பொங்கோல் வட்டார வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெண் ஆகியோருக்கு இது உதவுமா? உதவும். ஆனால் படிவத்தின் தலையில் நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். 5க்கு 3½ கொடுக்கலாம்.

கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம், நிறுத்த முடியாத கவலை, எல்லாவற்றையும் பற்றிய கவலை, இளைப்பாற முடியாமை, இருப்புக்கொள்ளாமை, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் ஆகியவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கிறது. இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. மொத்தம் 21. ஐந்தைத் தொட்டால் லேசு, பத்து மிதம், பதினைந்து கடுமை. பத்தைத் தொட்டாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலும் தப்பு நடப்பது 1க்கும் 2க்கும் நடுவில்தான். ‘பாதி நாளுக்கு மேல்’ என்றால் 14இல் 8 நாளாவது. நேற்று ராத்திரி தூங்காதவர் எல்லாவற்றுக்கும் 3 போடுவார்; இன்று நேர்காணல் நன்றாக முடிந்தவர் 0 போடுவார். நாள்காட்டியைக் கையில் வைத்து எண்ணிப் போடுங்கள். அடியில் வேலை, வீடு, உறவு எவ்வளவு சிரமப்படுகிறது என்று இன்னொரு கேள்வி இருக்கும். அதற்கு மதிப்பெண் இல்லை, கூட்டிவிடாதீர்கள். ஆனால் மருத்துவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி குறை. ‘எப்போதிலிருந்து, எதற்குப் பிறகு?’ என்று இந்தப் படிவம் கேட்பதே இல்லை. 12 எடுத்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் போன மாதம் வேலை போனது. அதற்கு முன் நன்றாக இருந்தார். இன்னொருவர் வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவர். எண் ஒன்று, சிகிச்சை வேறு. முதலாமவருக்கு இருப்பது அனுசரிப்புக் கோளாறாக இருக்கலாம்: மாற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கும், காரணம் தீர்ந்தபின் பொதுவாக ஆறு மாதத்துக்குள் அடங்கும். அதற்கு முதல் மருந்து பேச்சுச் சிகிச்சைதான். ஆகவே மேலே எழுதுங்கள்: ‘என்ன மாறியது, எந்தத் தேதி, முதல் அறிகுறி எந்தத் தேதி’.

உடம்பையும் இது கேட்காது. ‘நெஞ்சு படபடங்குது, வயித்தக் கலக்குது’ என்றுதான் நம்மவர்கள் பதற்றத்தைச் சொல்வார்கள். அதற்குக் கட்டமே இல்லை. தைராய்டு மிகுதியானாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், படிவத்துக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போதும். தற்கொலை எண்ணத்தையும் கேட்பதில்லை. அப்படி ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தால் மதிப்பெண் 4 ஆக இருந்தாலும் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் 995.

மதிப்பெண் 5 முதல் 9 வரை என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். மூக்கால் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. பலர் ‘ஆழமாக’ என்று வேகமாக இழுத்து விடுகிறார்கள். கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மூச்சு சிறிதாக இருக்கட்டும், வெளிவிடுவதுதான் நீளம். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கவலைக்கென ஒதுக்கி, ‘நாளைக்கே செய்யக்கூடியது’, ‘என் கையில் இல்லாதது’ என இரண்டு பத்தியாக எழுதுங்கள். மத்தியானத்துக்குப் பின் கோப்பி-ஓ (பாலில்லாத காப்பி) வேண்டாம். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பழைய சகாக்களைச் சந்திக்காமல் தவிர்ப்பது அன்றைக்குச் சுகம், அடுத்த மாதம் பாரம்.

பத்தோ அதற்கு மேலோ என்றால் படிவத்தையும் தேதிகளையும் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் மனநல உதவித் தொலைபேசியான தேசிய மைண்ட்லைன் 1771 இருக்கிறது, அதுவும் 24 மணி நேரம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடலாம். பயந்து பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான சொதப்பல். பென்சோடயசெபைன் வகை மாத்திரை உடனே அமைதி தரும், அதனாலேயே பழக்கமாகும். சில நாளுக்கு மேல் நீட்டினால் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கிழமை, அதே நேரம் மறுபடி நிரப்புங்கள். ஒன்றிரண்டு ஏறி இறங்குவது கணக்கில்லை. நான்கு மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் தேறுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டாதீர்கள், மாமியார் உங்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்.