ஆறடிக் காத்தாடிக்கு எந்த டிரைவ்? நாலையும் எடைபோட்டுப் பார்த்தவன் கணக்கு

உடுமலையிலிருந்து குடிமங்கலம் போகிற வழியில் எங்கள் தோப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி பிறந்தால் வந்துவிடும். ஆவணி வரைக்கும் கொடியில் துணி நிற்காது. சுற்றிலும் காற்றில் கரண்டு எடுக்கிற கம்பெனிக் காத்தாடிகள். தினமும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, சாளைக்கு, அதாவது தோப்பு வீட்டுக்கு, நாலு லைட்டும் ஒரு ஃபேனும் ஓடுகிற அளவுக்கு நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. எட்டு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் வெட்டி மூன்று இறக்கை. விட்டம் 1.8 மீட்டர், ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. இறக்கை ஒரு வாரத்தில் முடிந்தது. இறக்கைக்கும் கரண்டு எடுக்கிற சாமானுக்கும் நடுவில் எந்த டிரைவை வைப்பது, பெல்ட்டா, செயினா, கியர்பாக்ஸா, இல்லை நேரடியாகவே மாட்டுவதா என்பதில்தான் இரண்டு காற்றுக்காலம் போனது.

முதலில் வாங்கியது கார் ஆல்டர்னேட்டர், காரில் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற சாமான். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் 1,800 ரூபாய். கார் ஆல்டர்னேட்டர் ஆயிரத்துச் சொச்சம் சுற்றுக்கு மேல்தான் சார்ஜ் போடும். என் இறக்கையோ நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நிமிடத்துக்கு 300 சுற்று. அதனால் இறக்கைத் தண்டில் 12 இஞ்ச் வார்ப்பிரும்பு புல்லி, ஆல்டர்னேட்டரில் இரண்டரை இஞ்ச் புல்லி, நடுவில் ஒரு வி-பெல்ட். கிட்டத்தட்ட 1:4.8. இறக்கை 300 சுற்றினால் ஆல்டர்னேட்டர் 1,440 சுற்றும். காகிதத்தில் கணக்கு பாலும் தேனுமாக ஓடியது.

கம்பத்தைத் தூக்கி நிறுத்திய அன்று நல்ல காற்று. பெல்ட் சிணுங்கியது, பேட்டரியில் ஆம்பியர் ஏறியது, ஆத்தா வந்து பார்த்துவிட்டு "ஓடுதுடா" என்றார். அன்று ராத்திரி காற்று நின்றுவிட்டது. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது.

உடுமலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். வந்தவன் மீட்டரை வைத்துப் பார்த்துச் சிரித்தான். "மாமா, இதுக்குள்ள காந்தம் கிடையாதுங்க. பீல்டு காயிலுக்கு நீங்க கரண்டு குடுத்தாத்தான் அது காந்தம். காத்து இல்லாட்டியும் அது பேட்டரியக் குடிச்சுட்டேதான் இருக்கும்."

மூன்று ஆம்பியர், 12 வோல்ட், 36 வாட். ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது. ஒரு ஸ்விட்ச் போட்டால் ராத்திரிக் கதை தீரும், பகல் கதை தீராது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் என் வட்டத்துக்குள் வருகிற மொத்தச் சக்தியே 190 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் கொம்பனாலும் பிடிக்க முடியாது என்று பெட்ஸ் என்கிற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். பைப் இறக்கைக்கு 30 சதவீதம் கிடைத்தாலே புண்ணியம். ஆக, தண்டில் 57 வாட். அதில் காந்தமாக்க 36, பெல்ட்டை வளைத்து வளைத்து ஓட்டவே பத்து, பதினைந்து. மிச்சத்திலும் பாதியை ஆல்டர்னேட்டர் சூடாக்கியே தீர்த்துவிடும். என் கைக்கு வருவது கொசுவத்தி லைட் எரிகிற அளவு. காரில் இது பிரச்சினையே இல்லை, அங்கே இன்ஜினுக்கு முப்பது வாட் போனால் தெரியவா போகிறது? இங்கே அதுதான் முழுச் சம்பளம்.

பெல்ட் பற்றி இன்னொரு குறை. தரையில் மாவு மில்லில் ஓடும்போது பெல்ட் நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பத்து உச்சியில், காற்றுக்குத் தகுந்தபடி தலை திரும்புகிற இடத்தில், சாரலில் நனைந்தால் வழுக்கும். வழுக்காமலிருக்க இறுக்கினால் பேரிங் சத்தம் போடும். புல்லி, பேரிங்கைத் தாங்குகிற பிளம்மர் பிளாக், ஆங்கிள் ஃப்ரேம் என்று தலைப்பாரம் இருபது கிலோவைத் தாண்டியது. இறுக்கத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு தடவையும் கம்பத்தையே சாய்க்க வேண்டும். ஆடி மாதத்தில் மட்டும் நாலு தடவை சாய்த்தேன்.

செயினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சைக்கிளின் 44 பல் சக்கரமும் 18 பல் ஃப்ரீவீலும் போட்டால் 1:2.4 தான் வருகிறது, ஆல்டர்னேட்டருக்கு இரண்டு அடுக்கு வேண்டும். செய்தேன். வழுக்கல் இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை எண்ணெய் கேட்டது, வேகம் ஏறினால் போட்ட கறகற சத்தம் ஆத்தாவின் கட்டில் வரை போனது. பதினோராம் நாள் ஆத்தா சொல்லிக் கழற்றினேன்.

கியர்பாக்ஸ் வாங்கவில்லை, தப்பித்தேன். ஒரு பழைய சாமான் கடையில் 1:40 வார்ம் கியர்பாக்ஸ் (திருகு மாதிரித் தண்டு பல் சக்கரத்தைத் திருப்புகிற வகை) ஒன்றைக் காட்டி, "இதைத் திருப்பிப் போட்டா நாப்பது மடங்கு வேகம்ணா" என்றார்கள். பெரிய தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவே இல்லை. அவ்வளவு விகிதம் உள்ள வார்ம் கியரில் சின்னத் தண்டு பெரியதைத் திருப்பும், பெரியது சின்னதைத் திருப்பாது, பூட்டிக்கொள்ளும். லிஃப்டுக்கும் பாரம் தூக்குவதற்கும் அந்தக் குணம் நல்லது. காத்தாடிக்கு அது பூட்டுத்தான். கையால் திருப்பிப் பார்க்காமல் எந்த கியர்பாக்ஸுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊர்க் கம்பெனிக் காத்தாடிகளிலேயே இரண்டு ஜாதி உண்டு. கியர்பாக்ஸ் வைத்தவை ஒரு ஜாதி. வயசான சிலவற்றில் எண்ணெய் ஒழுகி வெள்ளைக் கம்பத்தில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். இன்னொரு ஜாதிக்குத் தலை முட்டை மாதிரி பருத்திருக்கும். எனர்கான் வகை, கியரே கிடையாது, இறக்கை சுற்றுகிற வேகத்திலேயே ஜெனரேட்டரும் சுற்றும். மெதுவாகச் சுற்றி கரண்டு எடுக்க வேண்டுமென்றால் ஜெனரேட்டர் அகலமாக இருக்க வேண்டும், அதில் காந்த முனைகள் நிறைய இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பருத்த தலை. வருஷக்கணக்காக அதன் கீழேயே வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன், ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

யோசித்தது அக்கா மகன்தான். ஒரு மாலை எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கர ஹப் மோட்டாரை, அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற மோட்டாரை, கொண்டுவந்து போட்டான். "காந்தம் எங்க நிக்குதுன்னு சொல்ற ஹால் சென்சார் போனதுங்க மாமா, வண்டிக்கு ஆகாது. நமக்கு சென்சாரே வேண்டாமே." 48 வோல்ட், 250 வாட், நிரந்தரக் காந்தம். வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் போகும்போது சக்கரம் சுற்றுவது ஏறக்குறைய 330 சுற்று. என் இறக்கையும் அதே வேகம்! பெல்ட்டும் வேண்டாம், பல்லும் வேண்டாம். அதிலிருந்து வருகிற மூன்று வயரையும், ஏசியை டிசி ஆக்குகிற த்ரீ பேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் கொடுத்தால் போதும். விலை 3,500.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எலக்ட்ரிக் சைக்கிளில் வரும் சின்ன, உள்ளே கியர் வைத்த ஹப் மோட்டாரை எடுத்துவிடாதீர்கள். அதில் ஒருவழி கிளட்ச் இருக்கும். முன்பக்கம் சுற்றினால் வெறும் கூடுதான் சுற்றும், கரண்டு வராது.

மாட்டுவதில் ஒரே சிரமம், இதில் அச்சு நிற்கும், கூடு சுற்றும். வயர் வெளியே வருகிற பக்கத்து அச்சை லேத்தில் கடைந்த ஸ்லீவில் இறுக்கி, அடுத்த பக்கத்து மூடியில் இறக்கைத் தட்டை போல்ட் போட்டோம். லேத் கூலி 1,200. தலைப்பாரம் பாதியாகக் குறைந்தது.

இதிலும் ஒரு தடவை சறுக்கினேன். முதலில் இரண்டே பேட்டரி, 24 வோல்ட். நொடிக்கு 8 மீட்டர் காற்றிலும் இறக்கை 210 சுற்றைத் தாண்டவில்லை. கிளாம்ப் மீட்டரில் மூன்றரை ஆம்பியர். இறக்கை கெட்டுவிட்டதோ என்று அதையே சந்தேகப்பட்டேன். காரணம் பேட்டரி. 24 வோல்ட்டை மோட்டார் பாதி வேகத்திலேயே தொட்டுவிடுகிறது, தொட்டதும் பேட்டரி பிடித்து இழுக்கிறது, இறக்கை தன் வேகத்துக்கு வர முடியாமல் மூச்சுத் திணறுகிறது. நாலு பேட்டரியை வரிசையாகக் கட்டி 48 வோல்ட் ஆக்கியதும் அதே காற்றில் 400 சுற்று, 54 வோல்ட், 4 ஆம்பியர். இருநூறு வாட்டைத் தாண்டியது. சாமானை மாற்றவில்லை, பேட்டரி வயரை மட்டும் மாற்றினேன்.

பேட்டரி நிறைந்ததும் துண்டித்துவிடுகிற சோலார் கன்ட்ரோலரை இதற்கு வைக்கக் கூடாது. சுமை போனால் இறக்கை தறிகெட்டு ஓடும், வோல்ட்டும் எகிறும். மிச்சக் கரண்டை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடுகிற வகைதான் வேண்டும். நிறுத்துவதற்கு, ரெக்டிஃபயருக்கு முன்னால் மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்க்கிற ஸ்விட்ச் ஒன்று. ஆனால் காற்று கொஞ்சம் தணிகிற நேரம் பார்த்துப் போடுங்கள், பேய்க்காற்றில் போட்டால் நிற்காமலும் போகலாம், காயில் கருகும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இரும்புத் தகடு இருப்பதால் காந்தம் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் இறக்கை தானாகக் கிளம்புவதில்லை, யோசித்துக்கொண்டு நிற்கும். இரண்டு காந்தத் தட்டுக்கு நடுவில் ரெசினில் வார்த்த செம்புச் சுருளை வைத்து, சுருளுக்குள் இரும்பே இல்லாமல் வீட்டிலேயே செய்கிற முறை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்கோரெய்க் என்ற ஊரில் பழகி உலகம் முழுக்கப் பரவியது. தட்டுக்கு 12 காந்தம் என்றால் நடுவில் 9 சுருள். அதில் இந்தப் பிடிப்பு இருக்காது. ஆனால் நியோடிமியம் காந்தம் விலை அதிகம், இரண்டு காந்தத்துக்கு நடுவில் விரல் சிக்கினால் நசுங்கும். அக்கா மகனுக்கு ஆசை இருக்கிறது. எனக்கு விரல் மேல் ஆசை.

இப்போது புரட்டாசி. காற்று ஓய்ந்து காத்தாடி சும்மா நிற்கிறது. ஆல்டர்னேட்டரை வாங்கிய கடையிலேயே 900 ரூபாய்க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 12 இஞ்ச் புல்லியை மட்டும் ஆத்தா விடவில்லை, கொப்பரை காயப்போடுகிற தார்ப்பாய் பறக்காமல் இருக்க மூலையில் வைத்திருக்கிறார்.