நாய்க் கண்காட்சிக்கு எந்த லென்ஸ்? கேனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 – ஒரு மதிப்பீடு

நாய்க் கண்காட்சியில் எடுத்த படத்தைக் கையில் வாங்கும் பிரீடர் (நாய் வளர்த்து இனப்பெருக்கம் செய்பவர்) முதலில் பார்ப்பது நாயின் முகத்தை அன்று, அதன் உடற்கட்டை. கழுத்து தோளோடு சேரும் விதம், முதுகுக் கோடு, மார்பின் ஆழம், பின்னங்காலின் வளைவு, ஓட்டநடையில் முன்னங்கால் எட்டுகிற தூரம் ஆகியவையே அவருக்கு வேண்டியவை. இந்த விகிதங்களைக் குலைக்காமல் காட்டும் லென்ஸே இந்த வேலைக்கு நல்ல லென்ஸ். பின்னணியை எவ்வளவு அழகாகக் கரைக்கிறது என்பது அதற்குப் பின்னால் வர வேண்டிய கேள்வி. கேனன் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆர்எஃப் 70-200 மி.மீ. எஃப் 2.8 எல் ஐஎஸ் யூஎஸ்எம் லென்ஸை இந்த அளவுகோலை வைத்தே மதிப்பிடுகிறேன். விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிற பொருள் என்பதால், யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில் தூரத்தைப் பற்றி. ராஜபாளையம் போன்ற உயரமான நாயை முன்பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 35 மி.மீ. லென்ஸில் எடுத்தால், தலைக்கும் பின்தொடைக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளி காரணமாக, தலை உண்மையான விகிதத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அதே நாயை ஆறு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வேறுபாடு 12 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, நாம் நிற்கும் இடம்தான்; ஆனால் ஆறு, எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் நாய் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் நீண்ட குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. அளவு; அது கூடினால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) இல்லாமல் முடியாது. முழுச்சட்ட கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் கொண்டது) 200 மி.மீ. வைத்துப் பத்து மீட்டரிலிருந்து எடுத்தால் 1.8 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். ஸ்டேக் நிலையில், அதாவது உடற்கட்டு தெரியும்படி அசையாமல் நிறுத்தப்பட்ட நிலையில், பக்கவாட்டில் நிற்கும் ஒரு பெரிய நாயும், முன்னும் பின்னும் அதற்கு வேண்டிய காற்றுவெளியும் அதில் சரியாக அடங்கும். சிறிய சென்சார் கொண்ட கேமரா வைத்திருப்பவருக்கு அதே தூரத்தில் 1.1 மீட்டர்தான் கிடைக்கும் என்பதால், அவர் இன்னும் சற்றுப் பின்வாங்கவோ ஜூமைக் குறைக்கவோ வேண்டியிருக்கும்.

அப்படியானால் 135 மி.மீ. அல்லது 200 மி.மீ. நிலைக்குவிய லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒன்றே போதாதா என்று கேட்கலாம். ஸ்டேக் படத்துக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் நடுவர் ஹேண்ட்லரை (நாயை நடத்திக் காட்டுபவரை) நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்லும்போது நாய் நம்மை நோக்கியே வருகிறது. பத்து மீட்டரில் சட்டத்துக்குள் இருந்த நாய், நான்கு மீட்டருக்கு வரும்போது 200 மி.மீ. லென்ஸில் வெறும் தலையாகவும் மார்பாகவும் சுருங்கிவிடும். அந்த இடத்தில் 70 மி.மீ.க்குத் திருப்பிக்கொண்டால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்த நிலையில் இரண்டு மீட்டர் உயரம் கிடைக்கிறது. நான்கு காலும் தரையில் பதியும் விதம் முழுமையாகப் பதிவாகிறது. முன்னங்கால்கள் நேராக வருகின்றனவா, முழங்கை வெளியே தள்ளுகிறதா என்பதை நடுவர் பார்ப்பது இந்த ஓட்டத்தில்தான். அதனால்தான் கண்காட்சிப் படமெடுப்பவர்கள் பலரும் 70-200 என்ற அளவிலேயே வந்து நிற்கிறார்கள்.

இந்த லென்ஸின் தனிச் சிறப்பு அதன் எடையில் தொடங்குகிறது. டிஎஸ்எல்ஆர் காலத்து இஎஃப் 70-200 எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். இது 1,070 கிராம். கண்காட்சி என்பது காலையில் தொடங்கி மாலை வரை நீளும் வேலை, அதில் பெரும்பகுதி முழந்தாளிட்டு நாயின் தோள் உயரத்துக்குக் கேமராவை இறக்கிப் பிடிக்கும் வேலை. நின்றபடியே எடுத்தால் தலைக்கு அருகிலும் பாதங்களுக்குத் தொலைவிலும் கேமரா இருப்பதால் கால்கள் குட்டையாகத் தெரியும்; சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீண்ட காலுள்ள வேட்டை நாய்களுக்கு அது பெரிய அநீதி. ஆகவே உட்கார்ந்தும் எழுந்தும் நாள் முழுவதும் பயன்படுத்தப் போகிற கருவியில் 400 கிராம் குறைவது சொகுசு அன்று, படத்தின் தரத்தையே காக்கும் காரியம்.

எடை குறைந்ததற்கு ஒரு விலையும் உண்டு. பழைய லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளாது. இது 200 மி.மீ.க்குப் போகும்போது முன்பகுதி வெளியே நீள்கிறது. தூசி புகாமல் இருக்க அடைப்புகள் வைக்கப்பட்டிருந்தாலும், செம்மண் பறக்கும் மைதானத்தில் நீண்டு சுருங்கும் குழாயை நாள்தோறும் துடைத்து வைப்பது நல்லது. மேலும், இதில் டெலிகன்வர்ட்டர் (குவியத் தூரத்தைக் கூட்டும் துணைக்கருவி) பொருத்த முடியாது. 2024-ல் கேனன் வெளியிட்ட, பெயரின் முடிவில் இசட் என்ற எழுத்துள்ள வடிவத்தில் இந்த இரண்டு குறைகளும் இல்லை. ஆனால் நாய்க் கண்காட்சியில் 200 மி.மீ.க்கு மேல் தேவைப்படுவது அரிது என்பதால், அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கவனம் பிடிக்கும் வேகத்தில் இந்த லென்ஸிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு நானோ யூஎஸ்எம் மோட்டார்கள் ஓசையின்றி இயங்குகின்றன. இது சிறிய செய்தி அன்று, ஏனெனில் சத்தத்துக்குக் காதைத் திருப்பும் நாய், ஹேண்ட்லர் பாடுபட்டு நிறுத்திய நிலையைக் கலைத்துவிடும். 2020-ல் வந்த கேனன் ஆர்5, ஆர்6 கேமராக்களிலிருந்து நாயின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. கருப்பு லாப்ரடாரிலும் கண்ணை மறைக்கும் முடியுள்ள இனங்களிலும் அது தடுமாறுவதுண்டு. அங்கே தோளின் மீது ஒற்றைப் புள்ளியை வைத்து எடுப்பதே பாதுகாப்பானது. 70 செ.மீ. வரை நெருங்க முடிவதால், மேசை மீது நிறுத்திச் சோதிக்கப்படும் பொமரேனியன் போன்ற சிறிய நாயின் தலையைத் தனியாக எடுக்கவும் இது போதும்.

ஆனால் எஃப் 2.8 என்ற அகன்ற அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது)ப் பற்றி நிதானமாகச் சிந்திக்க வேண்டும். 200 மி.மீ., எஃப் 2.8, ஐந்து மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. பக்கவாட்டில் நிற்கும் நாயின் உடல் அகலமே அதைவிட அதிகம். நம் பக்கத்துக் கால் தெளிவாகவும் அந்தப் பக்கத்துக் கால் கரைந்தும் வரும் படம் சுவரில் மாட்ட அழகாக இருக்கலாம். உடற்கட்டைக் காட்டும் ஆவணமாக அது பயன்படாது. எஃப் 5.6-க்கு மூடினால் ஆழம் இரட்டிப்பாகிறது, நாய் முழுவதும் தெளிவாகிறது. காலை வெயிலில், திறந்த மைதானத்தில், எஃப் 5.6-ல் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைப்பது எளிது. அந்த நிலையில் 695 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 70-200 எஃப் 4 லென்ஸ் எடுக்கும் படத்துக்கும் இதன் படத்துக்கும் வேறுபாடு காட்டுவது கடினம்.

பிறகு எதற்கு எஃப் 2.8 என்றால், அதற்கான விடை கண்காட்சியின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. இனவாரியாகவும் பிரிவுவாரியாகவும் தேர்வு முடிந்து, பெஸ்ட் இன் ஷோ என்னும் இறுதி வரிசை ரிங்குக்குள் (நாய்களை நடுவர் சோதிக்கும் களத்துக்குள்) வருவது பெரும்பாலும் மாலையில். நம் ஊரில் அந்தி நீண்டு நிற்பதில்லை. சூரியன் சாய்ந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சம் கரைந்துவிடுகிறது. நாள் முழுவதும் எடுத்த படங்களில் உரிமையாளர் விலை கொடுத்து வாங்க விரும்பும் ஒரே படம், வெளிச்சம் மிகக் குறைந்த அந்த நேரத்தில் எடுக்க வேண்டியதாகிறது. மே மாத ஊட்டியில், அரசு கலைக் கல்லூரி மைதானத்துக் கண்காட்சியில், மேகமும் கோடை மழையும் பிற்பகலிலேயே அந்த நிலையைக் கொண்டுவந்துவிடலாம். எஃப் 4-ல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு; அது கூடினால் படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடும்) 6400 வேண்டிய இடத்தில் எஃப் 2.8-க்கு 3200 போதும். எஃப் 8 வரை சுருங்கும் மலிவான 100-400 லென்ஸாக இருந்தால் 25600 கேட்கும். ராஜபாளையத்தின் வெள்ளை முடியில் அந்த இரைச்சல் அவ்வளவாகத் தெரியாது, கன்னியின் கருப்பு முடியில் உடனே தெரியும்.

உள்ளரங்கக் கண்காட்சிக்கும் இதே கணக்குதான். அங்கே விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். கேமராவின் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதியை (விளக்கின் துடிப்புக்கு ஏற்பப் படமெடுப்பதை) இயக்கி, மின்னணு ஷட்டரைத் தவிர்க்க வேண்டும். லென்ஸில் உள்ள ஐஎஸ் என்னும் நிலைநிறுத்தி நம் கைநடுக்கத்தை மட்டுமே தடுக்கும், நாயின் ஓட்டத்தை நிறுத்தாது. இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டர் வேகத்தைப் பாதியாக்குவது) உதவும் என்ற விளம்பர வரியை நம்பி ஷட்டர் வேகத்தைக் குறைப்பவர்களுக்குக் கால்கள் கலங்கிய படங்களே மிஞ்சும்.

சோனி கேமரா வைத்திருப்பவர் 2021-ல் வந்த 70-200 ஜிஎம் இரண்டாம் பதிப்பைப் பார்க்கலாம். எடை 1,045 கிராம், மேலே சொன்ன நிறைகள் அதற்கும் பொருந்தும். பணம் குறைவாக இருந்தால் அதே கேமராவுக்கு டாம்ரான் 70-180 எஃப் 2.8 இருக்கிறது, 20 மி.மீ. இழப்பைச் சற்று முன்னே நகர்ந்து ஈடுசெய்துவிடலாம்.

உரிமையாளர்களுக்குப் படம் கொடுத்துப் பணம் பெறுபவர், இறுதிச் சுற்று வரை நிற்பவர், உள்ளரங்கில் எடுப்பவர் ஆகியோர் கேனன் எஃப் 2.8-ஐத் தயங்காமல் வாங்கலாம். தன் நாயை மட்டும், அதுவும் பகலில் எடுக்க விரும்புபவர் எஃப் 4-ஐ வாங்கி மிச்சப் பணத்தை நாயின் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும். எடையைப் பொருட்படுத்தாதவருக்கு மூன்றாவது வழியும் உண்டு: பழைய இஎஃப் எஃப் 2.8 லென்ஸை இரண்டாம் கையாக வாங்கி, அடாப்டர் வழியாகப் புதிய கேமராவில் பொருத்துவது. அப்படி வாங்கும்போது 200 மி.மீ.யில், எஃப் 2.8-ல், தன்னை நோக்கி ஓடி வரும் ஒரு நாயைத் தொடர்ச்சியாக எடுத்துப் பார்த்து, வரிசையின் கடைசிப் படம் வரை கவனம் கண்ணிலேயே நிற்கிறதா என்று திரையில் பெரிதாக்கிச் சோதித்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.