கம்போடியா: இரண்டு வாரமா, இரண்டு வருடமா?

அங்கோர் வாட் பார்த்த கையோடு, சியெம் ரீப்பில் இரண்டு வாரம் அனாதை இல்லத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் அந்நாட்டு இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். ஒட்டிக்கொண்ட குழந்தை 15ஆம் நாள் மறுபடி தனியாக நிற்கும். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2007இல் கம்போடியா வந்த பீஸ் கோரின் வழி வேறு; அது தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு. சுமார் 27 மாதம், அந்நாட்டுக் கெமர் மொழியில் பயிற்சி, உள்ளூர்க் குடும்பத்தோடு வாசம். மூத்தவரை 'போங்', பாட்டியை 'யேய்' என்று முறை சொல்லிக் கூப்பிடப் பழக வேண்டும். அங்கே நலம் விசாரிப்பதே 'சோறு சாப்பிட்டாச்சா?' என்றுதான். அதற்குத் திண்ணையில் உட்கார்ந்து கெமரில் பதில் சொல்கிறவர் ஊருக்கு உறவாகிவிடுவார்.

அவ்வளவு காலம் ஒதுக்க முடியாதா? சரி, சுற்றுலாப் பயணியாகவே போய் வாருங்கள். இல்லத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்.