15,000 ரூபாய்க்கு முதல் சைக்கிள்: ஷாக் வைத்ததா, ஹைபிரிடா?

சென்னையில் எந்த சைக்கிள் கடையில் போய் "பட்ஜெட் பதினஞ்சாயிரம்" என்று சொன்னாலும் முதலில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது ஒரே மாதிரி வண்டியைத்தான். முன்னால் தடித்த ஷாக், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர், முள்ளு முள்ளாக அகல டயர். பார்க்க மிரட்டலாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, ஒல்லி டயரும் ஷாக் இல்லாத நேரான ஃபோர்க்குமாக (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) ஒரு ஹைபிரிட், அதாவது ரோடு சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகை, அதே விலைக்கு நிற்கும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். விடியற்காலையில் பெசன்ட் நகர் பீச் வரை ஒரு ரவுண்டு, ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவது, இதுதான் ஆசை என்றால் தள்ளி நிற்கும் வண்டியையே வாங்குங்கள். ஷாக் வண்டியில் மிச்சமாவது கண்ணுக்கு அழகு மட்டும்தான்.

காரணம் இது. இந்த விலையில் வரும் ஷாக்குக்குள் பெரும்பாலும் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும், அவ்வளவுதான். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே எதுவும் கிடையாது. அதனால் குழியில் இறங்கினால் அமுங்கும், அடுத்த நொடி கையைத் தூக்கிப் போடும். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் கால் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே செலவாகும். அந்த ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் கனம். கடற்காற்றில் ஒன்றிரண்டு வருடம் ஓடினால் உள்ளே துருப்பிடித்து இறுகி, வெறும் கனமான இரும்பாகிவிடுவதும் உண்டு. நம் ஊரில் மலை ஏது? மேம்பாலம்தான் மலை. அதில் ஏறும்போது இந்தக் கூடுதல் கனமும் முள்ளு டயரின் இழுவையும் சேர்ந்து தொடையில் தெரியும்.

ரோட்டின் அதிர்வைத் தாங்குவது உண்மையில் டயரில் இருக்கும் காற்று. 700 x 35 முதல் 700 x 40 வரையிலான (இரண்டாவது எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்) வழவழப்பான டயர் சென்னைத் தெருக்களுக்கு அளவானது. இதைவிட ஒல்லியான 25, 28 அளவு டயரை முதல் வண்டியில் வாங்காதீர்கள். சாக்கடை மூடியின் இடுக்கில் சிக்கும், ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பை ஆட்டிவிடும்.

கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 21 என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. சமதளத்தில் முன்பக்க நடுச் சக்கரத்தை விட்டு நகராமலேயே மாதக்கணக்கில் ஓட்டலாம். புதிதாக ஓட்டுபவர்கள் செய்வது என்னவென்றால், முன்னால் பெரியதிலும் பின்னால் பெரியதிலும் ஒரே நேரத்தில் செயினைப் போட்டு விடுவார்கள். செயின் குறுக்காக இழுபட்டு கரகரவென்று சத்தம் வரும், பல்லும் சீக்கிரம் தேயும். முன்னால் ஒன்று, பின்னால் ஏழு அல்லது எட்டு என்று வரும் வண்டி கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த கியர் என்று குழம்பினால் காலைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று மிதிக்க முடிகிற கியர்தான் சரியானது. அழுத்தி அழுத்தி மெதுவாக மிதித்தால் முட்டி பிடித்துக்கொள்ளும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் ஹைபிரிடுக்கு முழு மார்க் போட முடியாது. அதில் பெரும்பாலும் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் இருக்கும். காய்ந்த ரோட்டில் தாராளமாகப் போதும், மூலைக்கடை மெக்கானிக்கும் சரி செய்வார், கட்டை மாற்றுவதும் மலிவு. ஆனால் மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மின் தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும் விடாமல் ஓட்டுவேன் என்பவர்கள் டிஸ்க் வைத்த ஹைபிரிட் தேடலாம். இந்த விலையில் வருவது கேபிள் டிஸ்க். பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்துப் பேட் மட்டுமே நகரும். பேட் தேயத் தேய, நகராத பக்கத்துப் பேடை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) தட்டை நோக்கித் தள்ள வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் தட்டு ஒரு பக்கமாக வளைபட்டு உரசும், கீச்சென்று கத்தும். செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டில் ஒரு துளி தெறித்தாலும் பிரேக் வழுக்கும்.

ஆன்லைனில் வாங்குவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் "85 சதவீதம் பூட்டியது" என்று வரும். மிச்சப் 15 சதவீதத்தில்தான் உயிர் இருக்கிறது. தெருவில் நன்றாகக் கவனித்தால் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டிய வண்டிகள் கண்ணில் படும். அடையாளம் சுலபம்: முன் டிஸ்க் ஓட்டுபவரின் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் ஃபோர்க் முன்பின் மாறியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஹேண்டிலின் இயல்பான போக்கு கெடும், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அடுத்தது பெடல். வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர்மரை. எல் என்று போட்டிருப்பதை வலது பக்கம் அழுத்தித் திணித்தால் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கை) மரை போய்விடும், கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும். முதலில் விரலால் சுழற்றிப் பாருங்கள், நாலைந்து சுற்றாவது கையாலேயே போனால்தான் ஸ்பேனர். முன்சக்கரம் க்விக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் லீவரால் பூட்டும் வகை) என்றால் லீவரைத் திருகு மாதிரி சுற்றி இறுக்குவது தவறு. மடக்க வேண்டும். பாதி மடங்கும்போது பிடிக்க ஆரம்பித்து, முழுக்க மடக்கினால் உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். இதெல்லாம் நமக்கு வராது என்றால் கூலி கொடுத்து ஒரு நல்ல மெக்கானிக்கிடம் பூட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் வாங்கினாலும் வண்டியை வெளியே எடுக்குமுன் இரண்டு வேலை. ஒன்று, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் (கழுத்துக்குள் இருக்கும் பேரிங்) தளர்வு. இரண்டு, ஃபிரேமின் மேல்குழாய்க்கு இரு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். ஸ்டாக்கில் இருக்கும் சைஸைத் தள்ளிவிடத்தான் கடைக்காரர் பார்ப்பார், "சீட்டை இறக்கிக்கலாம் சார்" என்பார். சீட்டை இறக்கினால் ஃபிரேம் சின்னதாகாது.

சீட் உயரம்தான் புதியவர்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம். இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்பார்கள். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுபோய் குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம் என்பதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால், அல்லது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் உயரம் அதிகம், அரை அங்குலம் இறக்குங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றப் பார்க்காதீர்கள். முன்னால் இறங்கி நின்றுகொள்ளுங்கள், ஒரே வாரத்தில் பழகிவிடும்.

கை மரத்துப் போவதற்கும் காரணம் பாதி நேரம் சீட்தான். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கைக்குப் போகும். சமமட்டமாக வையுங்கள். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் சற்று மடக்கியே ஓட்டுங்கள்.

உட்காரும் இடம் வலிக்கிறது என்றால் கடையில் ஜெல் சீட் கவரை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். மெத்தென்று இருப்பதால் எலும்பு உள்ளே அமிழ்ந்து, நடுவில் இருக்கும் மென்மையான இடம் அழுந்தும். அரை மணி நேரத்துக்கு சுகம், அதற்கு மேல் மரத்துப் போகும். கவர் நகர்ந்து தொடையையும் உரசும். அதே காசைப் பேட் வைத்த ஷார்ட்ஸில் போடுங்கள். உள்ளாடை இல்லாமல் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். மேலே வேறு பேண்ட் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். அரை மணி நேரத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினால் தானாகப் போய்விடும்.

கூட வாங்கும் சாமான்களில் முதல் இடம் தரையில் நிறுத்தி அடிக்கும், மீட்டர் வைத்த பம்புக்கு, ஹெல்மெட்டோடு சமமாக. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "காத்து இருக்கு" என்று சொல்வதில் 30 பி.எஸ்.ஐ.க்கும் 50க்கும் வித்தியாசம் தெரியாது. 70 கிலோ ஆள், 700 x 38 டயர் என்றால் 50 முதல் 55 வரை வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ட்யூபில் ஓட்டை இல்லாவிட்டாலும் காற்று மெல்லக் கசியும், ஆகவே வாரம் ஒருமுறை பார்ப்பது கட்டாயம். காற்று குறைந்த டயர் குழியின் விளிம்பில் மோதினால் ரிம் ட்யூபை நசுக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். ஆணி குத்தவில்லையே, எப்படிப் பஞ்சர் என்று விழிப்பவர்களுக்கு விடை அதுதான். பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு அடிக்கும் குழாயை இதில் வைக்க வேண்டாம், ட்யூபில் கொள்ளளவு கொஞ்சம் என்பதால் கண் இமைப்பதற்குள் அழுத்தம் ஏறி வெடிக்கும். வால்வு எது என்றும் பாருங்கள். பைக்கில் இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் சமாளிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா என்றால் ஒரு சின்ன பித்தளை அடாப்டரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்: சைக்கிளுக்கு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் போடுங்கள். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது, மிதிக்கிற சூட்டில் தலை வெந்துவிடும். உள்ளே இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்று பாதுகாப்புத் தர ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூட வேண்டும், நாடா காதுக்குக் கீழே வி வடிவில் சேர வேண்டும், தாடைக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். வகிடு தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போடுவது போடாததற்குச் சமம். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு தடவைதான் நசுங்கிக் காப்பாற்றும்.

விளக்கு இரண்டு: பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. யு.எஸ்.பி. சார்ஜ் வகை போதும். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் 100 லூமன், ஈ.சி.ஆரின் இருட்டுப் பகுதிகளுக்கு 300க்குக் குறையாமல். முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், எதிரில் வருபவர் கண்ணில் அடித்தால் அவர் உங்கள் மேலேயே வந்து நிற்பார்.

ரோட்டில் இறங்குமுன் ஆளில்லாத தெருவில் பழக வேண்டியவை இரண்டு. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் ஹேண்டிலும் அந்தப் பக்கமே இழுக்கும். கோட்டை விட்டு விலகாமல் திரும்பிப் பார்க்கும் வரை பழகுங்கள். பிறகு பிரேக். இங்கே பெரும்பாலும் வலது கை முன் பிரேக், வாங்கியதும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். உடம்பைப் பின்னால் தள்ளி இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துங்கள். பயந்துகொண்டு பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் தேய்த்துக்கொண்டு போகுமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது.

ரோட்டின் ஓரத்தை ஒட்டியே போவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஈ.சி.ஆர். ஓரத்தில் மணல் கிடக்கும், அதே ஓரத்தில்தான் ராங் சைடில் பைக்கும் வரும். நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கும். ஸ்டாப்பில் நிற்கும் எம்.டி.சி. பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். முன்னால் போகும் ஆட்டோ வேகம் குறைத்தால் இடது பக்கம் ஒதுங்கப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இண்டிகேட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடும், ரோட்டில் அடித்த பெயிண்ட் கோடும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் நேராக ஏறி நேராக இறங்குங்கள், அங்கே பிரேக்கும் கூடாது திருப்பமும் கூடாது. தண்ணீர் தேங்கிய இடத்தில் அடியில் என்ன திறந்து கிடக்கிறது என்று தெரியாது, சுற்றிப் போங்கள். விடியற்காலை நாய் துரத்தினால் வேகம் பிடிக்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். துப்பட்டா, அகலமான பேண்ட் கால் இரண்டையும் செயினிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். மாசி தாண்டினால் ஏழரை மணிக்குள் வீடு திரும்பப் பாருங்கள். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பீச் பக்கம் ஓட்டினால் செயினைத் துணியால் துடைத்து, சைக்கிள் செயின் எண்ணெயை ஒரு கண்ணிக்கு ஒரு துளி விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் மணலைப் பிடித்து அரைக்கும். முதல் மாதத்திலேயே கியர் குதிக்க ஆரம்பித்தால் வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், புதுக் கேபிள் உறை அமுங்கித் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். பின் டிரெயிலியரில் (செயினைக் கியர் விட்டுக் கியர் தள்ளும் கருவி) கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன உருளைத் திருகு இருக்கும். அதை இடப்பக்கமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். ஸ்போக்ஸும் அந்தச் சமயத்தில் தளரும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, வாங்கிய கடையில் முதல் சர்வீஸ் இலவசமா என்று பில் போடும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.