தொழுவக் கழிவுநீருக்கு வாங்கிய நுண்ணுயிர்த் தொட்டி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பத்தமடைக்கு அருகில் உள்ள எங்கள் பால் பண்ணையில் தொழுவம் கழுவிய நீரை நெடுங்காலம் வயலுக்கே விட்டுவந்தோம். தழைச்சத்து மிகுந்து, அடுத்தடுத்து இரண்டு பிசானப் பருவத்திலும் நெல் சாய்ந்த பிறகுதான், தழைச்சத்தாகச் சேரும் அம்மோனியத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்கும் தொட்டி ஒன்றை வெளியூர் நிறுவனத்திடம் வாங்கினோம்.

தொட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புளோயர் அனுப்பும் காற்றில் சுழலும் பிளாஸ்டிக் சில்லுகளின்மேல் படலமாக வளரும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மெதுவாகவே பெருகும். பத்து நாளில் பலன் தெரியும் என்றார் விற்பனையாளர். நாற்றம் அடங்க ஆறு வாரம் ஆயிற்று. சாணத்தை முன்னரே வடித்துவிடாவிட்டால், அதைத் தின்று விரைவாகப் பெருகும் வேறு நுண்ணுயிர்கள் காற்றையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் மாதம் அம்மோனியம் மீண்டும் ஏறியது. நிறுவனத்தார் மேலும் நான்கு கேன் நுண்ணுயிர்க் கரைசலை விற்றுவிட்டுப் போனார்கள், நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அளவை ஒருவரும் பார்க்கவில்லை. நாங்களே பார்த்தபோது அது 6-க்கும் கீழே இருந்தது; அவ்வளவு அமிலத்தில் இந்த நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும், அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறனும், செலவாகும். கோமியத்தின் யூரியா சிதையும்போது அம்மோனியத்தோடு பைகார்பனேட்டும் உண்டாகிறது என்றாலும், அது பாதி அம்மோனியத்தை மாற்றவே போதும். மீதிக்கான காரத்தைக் கழுவும் தண்ணீர் தர வேண்டும்; நாங்கள் கழுவுவதோ காரத்தன்மை குறைந்த தாமிரபரணியின் மென்னீரில். சமையலுக்கும் குளியலுக்கும் நாம் மெச்சிக்கொள்ளும் அதே குணம் இங்கே எதிராக நின்றது.

சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன தாழையூத்து பக்கத்திலேயே இருப்பதால் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து விட்டோம். கை தவறி மிகுதியானால் அம்மோனியம் அம்மோனியாவாக மாறி அந்த நுண்ணுயிர்களையே முடக்கும் என்பதால், நாள்தோறும் பி.எச். பார்த்துச் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு, காற்றில்லாத முன்தொட்டி ஒன்றைக் கட்டி, நைட்ரேட் நீரை ஒரு சிறு பம்பின் மூலம் அதற்குத் திருப்பினோம். அங்கே வேறு நுண்ணுயிர்கள், வடித்த நீரில் எஞ்சியிருக்கும் சாணக் கரைசலை உணவாகக் கொண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. இப்படி நீங்கும் ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் 3.57 கிராம் காரத்தன்மை திரும்பக் கிடைக்கிறது. சுண்ணாம்புச் செலவு வெகுவாகக் குறைந்தது.

நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன். எங்கள் நீர் இப்போது அதற்குள் நிற்கிறது. ஆனால் இதைச் சாத்தியமாக்கிய முன்தொட்டியும் பம்பும் விலைப்பட்டியலில் ‘கூடுதல் வசதி’ என்று கடைசி வரியில் கிடந்தன. ஆற்று நீரில் தொழுவம் கழுவுவோர் அவ்விரண்டும் இல்லாமல் இத்தொட்டியை வாங்க வேண்டாம். வாங்கும்போது, மின்வெட்டு நேரத்தில் புளோயரை ஓட்ட ஜெனரேட்டர் இணைப்பையும் கேட்டுப் பெறுங்கள்.