பல வருடம் ஓடிய ஆர்.ஓ.: மீட்டரும் குவளையும் சொல்லும் கணக்கு

ஆர்.ஓ. என்கிற குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கும்போது எல்லாரும் பேரம் பேசுவது இயந்திரத்தின் விலைக்குத்தான். நாலைந்து வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஃபில்டர், மெம்ப்ரேன் (உப்பைத் தடுக்கும் படலம்), சர்வீஸ் என்று போன பணம் அந்த விலையை எட்டிப் பிடித்திருக்கும். அதில் ஒரு பங்கு வீண் செலவு. நன்றாக இருக்கிற மெம்ப்ரேன் "வருடம் ஆகிவிட்டது" என்று கழற்றப்படுகிறது; மாற்றியிருக்க வேண்டிய, மண் தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர் அப்படியே கிடக்கிறது. எதை மாற்றுவது என்று முடிவு செய்ய ஒரு டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) மீட்டரும், மி.லி. கோடு போட்ட குவளையும், நொடி காட்டும் கடிகாரமும் போதும்.

முதலில் மெம்ப்ரேன், விலை அதிகமான உதிரி அதுதான். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸையும் மெம்ப்ரேனிலிருந்து வெளிவரும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸையும் அளந்து, வித்தியாசத்தை உள்ளே போன தண்ணீரின் எண்ணால் வகுக்க வேண்டும். 600 உள்ளே போய் 40 வெளியே வந்தால் 93 சதவீதம் நீக்குகிறது. புது மெம்ப்ரேன் 90க்கு மேல் காட்டும். 80க்குக் கீழே இறங்கினால், அதாவது அதே 600க்கு 120ஐத் தாண்டினால், மாற்றலாம். அதுவரை பொறுக்கலாம், காலண்டர் என்ன சொன்னாலும்.

அளப்பதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். இயந்திரம் நின்றிருக்கும்போது உப்பு மெல்ல மெம்ப்ரேனைக் கடந்து நல்ல தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும். அதனால் ஓட ஆரம்பித்ததும் வருகிற தண்ணீர் எப்போதும் அதிக எண் காட்டும். பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். அடுத்து, இயந்திரத்தின் குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீரை அளந்து மெம்ப்ரேனைக் குறை சொல்லக் கூடாது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கும் இயந்திரங்களில் மெம்ப்ரேன் வழியாகப் போகாத தண்ணீரும் கொஞ்சம் கலந்துதான் தொட்டிக்குப் போகிறது. மெம்ப்ரேன் ஹவுசிங்கின் (அது இருக்கும் கூட்டின்) வெளிவழிக் குழாயைக் கழற்றி நேராகப் பிடித்தால்தான் உண்மை தெரியும். மூல நீரில் ஃபுளோரைடோ ஆர்சனிக்கோ இருந்தால் அந்தக் கன்ட்ரோலரை முழுதாக மூடிவிடுவதே சரி. நீக்கியதைத் திரும்பக் கலந்து குடிப்பதில் என்ன இருக்கிறது?

டி.டி.எஸ். மட்டும் போதாது, ஓட்டத்தையும் அளக்க வேண்டும். நல்ல தண்ணீர், கழிவு நீர் இரண்டையும் தனித்தனியே ஒரு நிமிடம் பிடிக்கவும். 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 காலன்) மெம்ப்ரேன் என்றால் சோதனை நிலையில் நிமிடத்துக்கு 200 மி.லி. அளவுக்கு வரும், வீட்டில் 150 வந்தாலே நல்லது. நீர் குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் குறையும் என்பதால், குளிர்காலத்தில் தொட்டி மெதுவாக நிறைவதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இந்த இரண்டு ஓட்டங்களை வைத்தே பெரும்பாலான கோளாறுகளைப் பிடித்துவிடலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மெம்ப்ரேனுக்கு முன்னால் இருக்கும் முன் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. நல்ல தண்ணீர் குறைந்து கழிவு அப்படியே இருந்தால் மெம்ப்ரேனில் உப்புப் படிவு. கழிவு மட்டும் குறைந்தால் கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைக்கிறது. இதைத்தான் உடனே கவனிக்க வேண்டும், ஏனென்றால் வெளியேற வேண்டிய உப்பு மெம்ப்ரேன் மேலேயே தங்கி அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். அந்தச் சின்ன உதிரியை மெம்ப்ரேனோடு சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. நல்ல தண்ணீர் தாராளமாக வந்தும் டி.டி.எஸ். எகிறினால் மெம்ப்ரேன் கிழிந்திருக்கலாம். புதிதாக மாற்றிய அன்றே அப்படி என்றால் அதன் குழாய் முனையில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சரியாக உட்காரவில்லை. மறு மெம்ப்ரேன் வாங்க ஓடாமல் கழற்றி மாட்டிப் பார்க்கவும்.

முன் ஃபில்டர்களில் கஞ்சத்தனம் கூடாது. 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர்தான் இருப்பதிலேயே மலிவு, அது காப்பதோ இருப்பதிலேயே விலை கூடியதை. கார்பன் ஃபில்டரின் முக்கிய வேலை குளோரினைப் பிடிப்பது. மெம்ப்ரேனின் பாலிஅமைடு படலம் குளோரின் பட்டால் சிதையும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. கார்பன் தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டி வரும் தண்ணீரில் குளோரின் சோதனைத் துளி விட்டு நிறம் மாறினால் மாற்ற வேண்டியதுதான். புதுக் கார்பனை மாட்டியதும் அதன் வெளிக்குழாயை வாளியில் விட்டு, கரித்தூள் போய்த் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே மெம்ப்ரேனோடு இணைக்கவும். பலர் இதைச் செய்வதே இல்லை.

கசிவுக்குப் பெரும்பாலும் கைவேலைதான் காரணம். கால் அங்குலக் குழாயைச் சாய்வாக வெட்டினால் புஷ் கனெக்டரில் கசியும். நேராக வெட்டி, தட்டி நிற்கும்வரை அழுத்த வேண்டும். ஹவுசிங் ஓ-ரிங்குக்கு உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் போடவும். பெட்ரோலியம் ஜெல்லி சிலவகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

யு.வி. (புற ஊதா) விளக்கு நீலமாக எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று பொருளல்ல. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அது மங்கிய பிறகும் நீலம் எரியும். இந்த விளக்குகளின் ஆயுள் சுமார் 8,000 முதல் 9,000 மணி நேரம். இடைவிடாமல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம். நாள் பார்த்து மாற்ற வேண்டியது இது ஒன்றைத்தான்.

கழிவு நீரில் உப்பு எவ்வளவு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 600 டி.டி.எஸ். நீரில் கால் பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்தால் மீதி சுமார் 790 இருக்கும். தரை துடைக்க, கழிவறையில் ஊற்றத் தாராளமாக ஆகும். வண்டி கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கும். "அதிகம் மிச்சப்படுத்தும்" மாடல்கள் கழிவைக் குறைக்கின்றனதான், ஆனால் கடின நீரில் அந்த மிச்சத்துக்கு மெம்ப்ரேன் விலை கொடுக்கும். எந்தத் தரமுள்ள நீரில் எத்தனை சதவீதம் மீட்கும் என்று பெட்டியிலேயே அச்சிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். கூடவே, 10 அங்குல ஹவுசிங், 1812 அளவு மெம்ப்ரேன் போன்ற பொது அளவு உதிரிகள் பொருந்துமா என்பதையும். அந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இனி வாங்கப் போகிறவர்கள், விற்பனையாளர் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டினால் அசர வேண்டாம். பழுப்பு அந்த இரும்புக் கம்பி அரித்து வந்த துரு. அவர் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் கடக்க உப்பில்லை, அதனால் தெளிவாக இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகும். கரைந்த உப்பு லிட்டருக்கு 600 மி.கி.க்குக் கீழே இருந்தால் சுவை பொதுவாக நன்றாகவே இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண் சுவைக்கு மட்டும்தான். கிருமி, ஈயம், பூச்சிமருந்து எதையும் டி.டி.எஸ். மீட்டர் காட்டாது, அதற்கு ஆய்வகச் சோதனை ஒருமுறை தேவை. அதில் கெட்டது எதுவும் இல்லை, உப்பும் குறைவு என்றால் ஆர்.ஓ.வே வேண்டாம், யு.வி. போதும்.

வெளியூர் போய் ஒரு வாரத்துக்கு மேல் மூடிவைக்க நேர்ந்தால், கிளம்பும் முன் தொட்டியைக் காலி செய்யவும். மெம்ப்ரேனைக் கழற்றிக் காயவிடாதீர்கள், நனைந்தபடியே ஹவுசிங்கில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடவும்.